கெட்ட செய்திக்கு ஆள் கிடையாது

நான் ஓய்வு பெற்ற ஆஸ்பத்திரியில் போன மாதம் ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவு நர்சுகளுக்கு, நோயாளியின் சொந்தக்காரர்களிடம் எப்படிப் பேசுவது என்று சொல்லித்தர சென்னையிலிருந்து ஒருவரை வரவழைத்திருந்தார்கள். பழைய ஆள் என்று என்னையும் கூப்பிட்டு, சால்வை போட்டு, முன்வரிசையில் உட்கார வைத்தார்கள்.

அந்த மனிதர் கோட்டு போட்டுக்கொண்டு நீளமாகப் பேசினார். சாரம் இவ்வளவுதான். ‘பிழைக்க மாட்டார்’ என்று ஒருபோதும் சொல்லாதீர்கள், ‘அன்லைக்லி’ என்று சொல்லுங்கள். ‘எங்களுக்கே தெரியவில்லை’ என்று சொல்லாதீர்கள், ‘கார்டட்’ என்று சொல்லுங்கள். ‘செத்துப் போவார்’ என்பதற்கு அவரிடம் சொல்லே இல்லை. ஆங்கிலத்தில் சொன்னால் அதிர்ச்சி குறையுமாம். நர்சுப் பிள்ளைகள் எல்லாம் தலையாட்டிக்கொண்டு எழுதிக்கொண்டார்கள்.

டீ குடிக்கும்போது கவிதா வந்தாள். என் வார்டில் வேலை பார்த்த பெண்.

“அக்கா, நீங்க ஒண்ணுமே பேசலியே?”

“பேசுனா சால்வைய புடுங்கிடுவாங்க.”

“அப்ப எழுதியாச்சும் குடுங்கக்கா. நம்ம நர்சுங்க மலர்ல போடுறோம்.”

எழுதுகிறேன். போடுகிறார்களா என்று பார்க்கலாம். சம்பந்தப்பட்டவர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். கோபத்தை மாற்றவில்லை.

நான் அரியலூர்க்காரி. அப்பா சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் லாரி ஓட்டினார். திருச்சியில் நர்சிங் படித்தேன். அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பெட்பேன் தூக்கினேன், திட்டு வாங்கினேன், பாஸ் செய்தேன். பிறகு பெரம்பலூரில் இந்தத் தனியார் ஆஸ்பத்திரி, ஓய்வு பெறும்வரை இங்கேதான். அதில் பெரும்பகுதி தீவிர சிகிச்சைப் பிரிவு.

ஊசி போடுவது, மருந்து கொடுப்பது எல்லாம் யார் வேண்டுமானாலும் செய்யலாம். என் நிஜமான வேலை வேறு. டாக்டர் ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்கு நகர்ந்துவிடுவார். சொந்தக்காரர்கள் என் பக்கம் திரும்பி, “டாக்டரு என்னம்மா சொன்னாரு?” என்பார்கள். அதற்குப் பதில் சொல்லிச் சொல்லித்தான் எனக்குத் தலை நரைத்தது.

ஆங்கிலம் பேசுகிறவர்கள் என்று நான் வெள்ளைக்காரர்களைச் சொல்லவில்லை. துறையூரிலும் ஜெயங்கொண்டத்திலும் பிறந்து, அம்மாவிடம் தமிழில் சோறு கேட்டு வளர்ந்து, வார்டுக் கதவைத் தள்ளியதும் தமிழ் மறந்துபோகும் நம் ஆட்களைச் சொல்கிறேன். மருந்தின் பெயரை ஆங்கிலத்தில் சொல்லட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. தான் நம்புவதையும் சந்தேகப்படுவதையும் சொல்ல எதற்கு ஆங்கிலம்?

எதற்கு என்று வருஷக்கணக்காகக் காது கொடுத்ததில் புரிந்தது. பள்ளிக்கூடத்தில் பெயருரிச்சொல் என்று படித்தோமே, நல்ல, கெட்ட, பெரிய, சிறிய என்று. நம்பிக்கைக்கும் சந்தேகத்துக்கும் அந்த மொழியில் அப்படிப்பட்ட சொற்கள் குவிந்து கிடக்கின்றன. சில சொற்கள் சொல்லுகிற ஆளின் மேல் ஒட்டும். ‘ஐயாம் ஷ்யூர்’, ‘ஐயாம் கான்ஃபிடன்ட்’, ‘ஐயாம் ஹோப்ஃபுல்’. பின்னால் தப்பாகிப் போனால், ‘நீதானய்யா சொன்னே’ என்று சட்டையைப் பிடிக்கலாம். வேறு சில சொற்கள் விஷயத்தின் மேல் ஒட்டும். ‘இட் ஈஸ் லைக்லி’, ‘அன்லைக்லி’, ‘பாசிபிள்’. அந்த ‘இட்’ யார்? யாருமில்லை. வெயிலடிக்கிறது, தூறல் போடுகிறது என்பதுபோல, அன்லைக்லியும் தானாக வந்து விழுகிறது.

இப்போது எங்கள் வார்டைக் கவனியுங்கள். நோயாளி தேறி வருகிறார் என்றால் டாக்டர் நெஞ்சை நிமிர்த்தி, “ஐயாம் வெரி கான்ஃபிடன்ட்” என்பார். நான், நான், நான். அதே நோயாளிக்கு மறுநாள் மோசமானால், “ரெக்கவரி ஈஸ் அன்லைக்லி.” நேற்றைய ‘நான்’ எங்கே போனது? நல்ல செய்திக்கு ஆள் உண்டு. கெட்ட செய்திக்கு ஆள் கிடையாது. என் காலம் முழுக்க இந்த ஒழுங்கு மாறி நான் பார்த்தது அபூர்வம்.

வெள்ளைக்காரர்களே இப்படித்தானா என்றால், அதுவும் இல்லை. ஒரு தடவை இங்கிலாந்திலிருந்து ஒரு டாக்டரம்மா இலவச முகாமுக்கு வந்தார், எங்கள் வார்டையும் சுற்றிப் பார்த்தார். படுக்கைக்குப் படுக்கை “ஐயாம் நாட் ஷ்யூர்” என்றார். கொஞ்சமும் கூச்சமில்லை. சொல்லிவிட்டு மறுபடி நோயாளியின் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார். பிறகு “ஃபேர்லி ஷ்யூர்” என்பார். முன்னால் ஒரு சொல் சேர்ந்தால் உறுதி கூடுகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். கூட இருந்து பார்த்தபோது தெரிந்தது, அது குறைகிறது. வெறும் ‘ஷ்யூர்’ என்றால்தான் முழுசு. தனக்கு எவ்வளவு தெரியும் என்று அந்தம்மா அந்தச் சொற்களை வைத்து நிறுத்துக் காட்டினார். எங்கள் டாக்டர்கள் பின்னால் நின்றுகொண்டு, “இந்தம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது போல” என்று குசுகுசுத்தார்கள். நிறுப்பதற்குச் செய்த தராசை இவர்கள் மழைக்குக் குடையாகப் பிடிக்கிறார்கள். தராசைப் பிடித்தால் நனையத்தான் வேண்டும். ஆனால் நனைந்தது இவர்கள் இல்லை, நோயாளியின் சொந்தக்காரர்கள்.

எங்கள் பெரிய டாக்டர் ஒருவர் மட்டும் வேறு மாதிரி. தங்கமான மனிதர் என்றெல்லாம் எழுதமாட்டேன். நர்சுகள் மேல் எரிந்து விழுவார், கேஸ் ஷீட்டைத் தூக்கி எறிவார், ஒரு நாளும் நன்றி சொன்னதில்லை. ஆனால் கெட்ட செய்தி சொல்ல வேண்டி வந்தால் அவர் செய்யும் முறை ஒன்று உண்டு. முதலில், “இவருக்கு ரொம்ப வேண்டியவங்க யாரு?” என்று கேட்பார். பில் கட்டுகிறவர் யார் என்றோ, படித்தவர் யார் என்றோ கேட்கமாட்டார். அந்த ஆளை, சலைன் பெட்டிகள் அடுக்கியிருக்கும் சின்ன அறைக்குக் கூட்டிப் போவார். இருக்கிற ஒரே ஸ்டூலை அவருக்குக் கொடுத்துவிட்டு, தான் ஒரு சலைன் பெட்டிமேல் உட்காருவார். பெட்டி உயரம் குறைவு. அதனால் அவர்தான் அண்ணாந்து பார்த்துப் பேச வேண்டும். செல்போனை என்னிடம் கொடுத்துவிடுவார். பிறகு சொல்வார்.

“நான் பாத்த வரைக்கும் இவரு பொழைப்பாருன்னு எனக்கு நம்பிக்கை இல்ல. நான் தப்பாக்கூட இருக்கலாம். ஆனா நான் நெனைக்கிறது இதுதான்.”

அவ்வளவுதான். வாயை மூடிக்கொள்வார். ஆறுதல், கடவுள், விதி எதுவும் வராது. எதிரே இருப்பவர் அழுது முடிக்கும்வரை எழுந்திருக்கமாட்டார். ஒரு தடவை ஒருவர் செருப்பைக் கழற்றி அவர்மேல் வீசினார். பெரிய டாக்டர் அதை எடுத்து அவர் காலடியில் வைத்து, “ஒத்தச் செருப்போட எப்புடிப் போவீங்க, போட்டுக்குங்க” என்றார். அந்த ஆள் அதற்குப் பிறகுதான் அழுதார்.

முழங்கால் தேய்ந்து பெரிய டாக்டர் வருவதை நிறுத்தினார். அவர் இடத்துக்கு மூளை, நரம்புக்கென்று ஒரு சின்ன வயது டாக்டர் வந்தார். அறுவையில் சுத்தமான கை, அதைக் குறை சொன்னால் என் வாய் அழுகிவிடும். வாய்தான் வழுக்கல்.

அவர் வந்த பிறகு, நான் ஓய்வு பெறும் சமயத்தில் வந்த நோயாளி கலியமூர்த்தி. செந்துறைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் மக்காச்சோளம் போட்டிருந்த விவசாயி. வரப்பில் விழுந்தவரைத் தூக்கி வந்தார்கள், மூளையில் ரத்தக்கசிவு. அறுவை நடந்தது. கண் திறக்கவில்லை. மூச்சு மெஷின் மூச்சு. டார்ச் அடித்தால் கண்மணி சுருங்கவில்லை. இதன் அர்த்தம் எங்கள் வார்டில் எல்லாருக்கும் தெரியும்.

மனைவி அஞ்சலை, வார்டு வாசலை விட்டு நகராமல் தரையில் உட்கார்ந்திருப்பார். மகன் பிரபு பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. காலையில் சின்ன டாக்டர் வந்ததும் பிரபுவும் அவரும் ஆங்கிலத்தில் பேசிக்கொள்வார்கள். முதலில் ‘கிரிட்டிகல்’. அப்புறம் ‘கிரிட்டிகல் பட் ஸ்டேபிள்’. அப்புறம் ‘கார்டட்’. அப்புறம் ‘அன்லைக்லி, பட் நாட் இம்பாசிபிள்’. படுக்கையில் கிடந்தவரிடம் ஒரு மாற்றமும் இல்லை. சொல் மட்டும் தினம் சட்டை மாற்றிக்கொண்டு வந்தது. பிரபு அதை அப்படியே செல்போனில் தட்டிச் சொந்தக்காரர்களுக்கு அனுப்புவான். ‘நாட் இம்பாசிபிள்’ வந்த அன்றைக்குக் குலதெய்வத்துக்குக் கிடா நேர்ந்துகொண்டார்கள் என்று கேள்விப்பட்டேன்.

அஞ்சலை ஒரு நாள் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“யம்மா, அந்தத் தம்பி தெனம் வந்து என்னமோ சொல்லுது. இவனும் தலைய தலைய ஆட்டுறான். இவரு எந்திரிப்பாரா, மாட்டாரா?”

“டாக்டரக் கேளுங்கக்கா.”

“கேட்டேன். ‘பையன்கிட்ட சொல்லியிருக்கேம்மா’ங்குது. பையனக் கேட்டா, ‘அன்லைக்லி’ங்குறான். அப்படின்னா என்னடான்னா, அழுவுறான்.”

நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அது டாக்டர் சொல்ல வேண்டியது, அவர் வாங்கும் சம்பளத்தில் அதுவும் சேர்த்தி.

பிறகு அஞ்சலை தனக்கு எதற்கு இந்த அவசரம் என்று சொன்னார். அவர் மாமியார், டவுன் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரும் வழியில் பஸ்ஸிலேயே இறந்துபோயிருக்கிறார். அவர்கள் ஊர் வழக்கப்படி உயிரோடு வந்தால்தான் வீட்டுக்குள் கொண்டுபோக முடியும். வெளியே உயிர் போனால் உடல் நிலைப்படி தாண்டாது. அந்த அம்மாளைத் தெருவில்தான் போட்டிருந்தார்கள். அன்றைக்கு மழை வேறு.

“கட்டுல மேல ஒரு தார்ப்பாய புடிச்சிக்கிட்டு நின்னோம். தண்ணி அடியில ஓடுது. இவரு தார்ப்பாய புடிச்சபடியே சொன்னாரு, ‘அஞ்சல, என்னைய மட்டும் தெருவுல போட்டுடாத’ன்னு. அவரு என்கிட்ட வேற எதுவுமே கேட்டதில்லம்மா. அதான் கேக்குறேன். எந்திரிப்பாருன்னா இருக்கேன், எத்தினி மாசம்னாலும் இருக்கேன். இல்லன்னா மூச்சு இருக்கும்போதே தூக்கிட்டுப் போயிடணும்.”

நான் நேராகச் சின்ன டாக்டரிடம் போனேன்.

“சார், கலியமூர்த்தி சம்சாரத்துகிட்ட நீங்க பேசணும்.”

“சன்கிட்ட டெய்லி பேசறேனே சிஸ்டர். வெரி அன்லைக்லின்னு க்ளியரா சொல்லிட்டேன்.”

“க்ளியரா? அதுல நீங்க எங்க சார் இருக்கீங்க?”

“வாட் டு யூ மீன்?”

“நீங்க என்ன நம்புறீங்கன்னு அந்தம்மா கேக்குது. மகனுக்கு உங்க இங்கிலீசு வேண்டியிருக்கு, புடிச்சுத் தொங்கறதுக்கு. அந்தம்மாவுக்கு வேண்டாம்.”

“சிஸ்டர், நீங்க உங்க லிமிட்ல இருங்க.”

“நான் ரிட்டயர் ஆகப் போறவ சார். என் லிமிட்டெல்லாம் முடிஞ்சு போச்சு.”

முகம் சிவந்தது. ஆனால் வந்தார். சலைன் அறையில் அஞ்சலையை ஸ்டூலில் உட்கார வைத்தேன். பிரபு பக்கத்தில் நின்றான். டாக்டர் உட்காரவில்லை, கதவுக் கைப்பிடியை விடவுமில்லை.

அஞ்சலை கேட்டார். “தம்பி, நாளைக்குக் காலையில நீங்க வர்றப்ப இவரு கண்ணத் தொறந்து என்னையப் பாப்பாருன்னு நீங்க நம்புறீங்களா?”

“அம்மா, மெடிக்கலா பாத்தா சான்சஸ் வந்து...”

“மெடிக்கலு கெடக்கட்டும். நீங்க.”

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சலைன் பெட்டியைப் பார்த்தேன்.

“இல்லம்மா,” என்றார். “நான் நம்பல.”

“சோளம் அறுக்கறப்ப?”

“இல்லம்மா.”

“பொங்கலுக்கு?”

“இல்ல.”

அஞ்சலை இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். “இத மொதல்லயே சொன்னா என்ன தம்பி? நான் என்ன உங்கள அடிச்சிடவா போறேன்?”

பிரபு கத்தினான். “நாட் இம்பாசிபிள்னு சொன்னீங்களே டாக்டர்! டெய்லி சொன்னீங்களே!”

“அது உண்மைதான் சார்,” என்றார் டாக்டர். கேட்கவே அருவருப்பாக இருந்தது. உண்மைதான். உலகத்தில் எது இம்பாசிபிள்? அந்தச் சொல்லில் ஒரு பொய்யும் இல்லை, அதனால்தான் அது அவ்வளவு வசதி. மகனும் லேசுப்பட்டவன் இல்லை. ‘அன்லைக்லி’ என்ற சொல் அவன் காதிலும்தான் தினம் விழுந்தது. பின்னால் வந்த துண்டை மட்டும் எடுத்துக்கொண்டான், முன்னால் வந்ததை அம்மாவுக்கு மொழிபெயர்க்காமல் விட்டுவிட்டான். இங்கிலீஷ் படிக்க வைத்ததற்கு அவன் அப்பாவுக்குக் கிடைத்தது அது.

இப்படி வீட்டுக்குப் போவதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு நடைமுறை உண்டு. டாக்டர் பேச்சை மீறி அழைத்துப் போகிறோம் என்று கையெழுத்துப் போட வேண்டும். மெஷின் கூட வராது. தொண்டைக் குழாயின் முனையில் ரப்பர் காற்றுப் பையை மாட்டி, நர்ஸ் ஒருத்தி கையால் அமுக்கிக்கொண்டே ஆம்புலன்சில் போவாள். ஒரு அமுக்கு, விடு, நிதானம், மறுபடி ஒரு அமுக்கு. வேகமாக அமுக்கினால் நெஞ்சு தாங்காது, மெதுவாக அமுக்கினால் போதாது. வீட்டில் கூடத்தில் படுக்க வைத்து, சொந்தபந்தம் ஆளுக்கு ஒரு சொட்டுப் பால் உதட்டில் விட்ட பிறகு குழாயை எடுக்க வேண்டும். இதற்குச் சின்ன வயது நர்சுகளை அனுப்பினால் அழுதுகொண்டே தாளம் தப்பவிடுவார்கள். அதனால் நானே போனேன்.

ஆம்புலன்சில் டிரைவர், நான், அஞ்சலை. பிரபு பின்னால் காரில். அரியலூர் தாண்டியதும் சிமெண்ட் ஆலைக்குக் கல் ஏற்றிப் போகும் லாரிகள் வால் பிடித்ததுபோல நின்றன. சைரன் தொண்டை கிழியக் கத்தியது. எவனும் ஒதுங்கவில்லை, ஒதுங்க இடமும் இல்லை. ஊர்ந்து ஊர்ந்து அந்த வரிசையைக் கடந்து, செந்துறை நெருங்கும்போது இடது கை விரலைக் கலியமூர்த்தியின் கழுத்தில் வைத்தேன். நாடி இல்லை. இடம் மாற்றி வைத்தேன். மறுபக்கம் வைத்தேன். இல்லை.

அஞ்சலை என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னம்மா?”

‘பாப்போம்க்கா’, ‘ஒண்ணும் சொல்றதுக்கில்லக்கா’, ‘கடவுள் இருக்காரு’ எல்லாம் என் நாக்கு நுனியில் வந்து நின்றன. நம் மொழியிலும் குடைகளுக்குப் பஞ்சமில்லை.

“நாடி இல்லக்கா,” என்றேன். “போயிட்டாரு. எனக்குச் சந்தேகமில்ல.”

என் வலது கை பையை விட்டுவிட்டது. அஞ்சலை அழவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துப் பைமேல் திரும்ப வைத்தார்.

“அமுக்கு.”

“அக்கா...”

“அமுக்கும்மா. நெஞ்சு ஏறி எறங்குதுல்ல? வூடு வரைக்கும் ஏறி எறங்கட்டும்.”

டிரைவர் கண்ணாடியில் பார்த்து, “என்ன சிஸ்டர்?” என்றான்.

“ரோட்டப் பாத்து ஓட்டு.”

அமுக்கினேன்.

வீட்டு வாசலில் தெரு அடைத்துக் கூட்டம். கலியமூர்த்தியின் அண்ணன், பெரியவர், நிலைப்படிக்கு முன்னால் குறுக்கே நின்றிருந்தார். ஸ்ட்ரெச்சரை இறக்கியதும் கையைக் காட்டி நிறுத்தினார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

“உசுரு இருக்கா?”

நான் வாயைத் திறக்குமுன் அஞ்சலை எனக்கு முன்னால் வந்து நின்றார். நிமிர்ந்து அவர் கண்ணைப் பார்த்தார்.

“இருக்கு மாமா. ஒத்துங்க.”

இருக்கும் என்று சொல்லவில்லை. இருக்கு போல என்று சொல்லவில்லை. சொன்னது முழுப் பொய், ஆனால் அதைச் சொன்ன வாய் யாருடையது என்று தெருவே பார்த்தது. பெரியவர் தம்பியின் நெஞ்சைப் பார்த்தார். அது ஏறியது, இறங்கியது. ஒதுங்கினார்.

குனிந்தபடி பையை அமுக்கிக்கொண்டே ஸ்ட்ரெச்சரோடு நானும் உள்ளே போனேன். கூடத்தில் பாய்மேல் கிடத்தினார்கள். ஒவ்வொருவராக வந்து பால் விட்டார்கள், கடைசியாக அஞ்சலை. விட்டுவிட்டு, வழிந்ததை முந்தானையால் துடைத்துவிட்டு, என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். நான் கையை எடுத்தேன். குழாயை உருவினேன். அதற்குப் பிறகுதான் அவர் வாய்விட்டு அழுதார், தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

வெளியே குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தேன். பிரபு வந்தான். கண் வீங்கியிருந்தது.

“சிஸ்டர், உள்ள தூக்கிட்டுப் போறப்ப அப்பாவுக்கு உசுரு இருந்துச்சுதானே? ஆர் யூ ஷ்யூர்?”

“உங்கம்மா சொன்னாங்கல்ல? அவங்களப் போய்க் கேளு.”

அவன் கதவு வழியாக உள்ளே பார்த்தான். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தான். கேட்கவில்லை.